கணினி இதழில் கேம் விளம்பரம்: வாங்குவதா, மறுப்பதா, பிரித்துவிடுவதா?

ஒரு பொதுக் கணினி இதழை எடுத்துக்கொள்வோம். உள்ளே டேட்டாபேஸ், நெட்வொர்க், புரோகிராமிங் என்று கனமான கட்டுரைகள். பின்னட்டையில் வாளை ஓங்கிக்கொண்டு ஒரு போர்வீரன். "இதை அலுவலகத்தில் எப்படிக் கையில் வைத்துப் படிப்பார்கள்?" என்று ஆசிரியர் குழு கேட்கும். "அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அச்சகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்று விளம்பரப் பிரிவு கேட்கும். வீட்டுக் கணினிகள் விற்கத் தொடங்கிய காலத்திலிருந்தே நடக்கும் வாக்குவாதம் இது. இரண்டு தரப்பும் சொல்வதில் உண்மை இருப்பதால்தான் முடிவெடுக்க இவ்வளவு சிரமம்.

இதழ் நடத்துபவர் முன்னால் சில வழிகள் இருக்கின்றன. கேம் விளம்பரமே வேண்டாம் என்று மறுக்கலாம். வருவதையெல்லாம் வாங்கலாம். கேமுக்கென்று தனி இதழ் தொடங்கி, விளம்பரத்தை அங்கே அனுப்பிவிடலாம். எழுதிவைத்த நிபந்தனைகளின்படி சிலவற்றை மட்டும் ஏற்கலாம். விளம்பரமே இல்லாமல் சந்தாவை நம்பியும் நடத்தலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொதுக் கணினி இதழுக்கு நிபந்தனையோடு ஏற்பதுதான் சரியான வழி. ஆனால் எல்லா இதழுக்கும் அது பொருந்தாது. நிபந்தனைகளை மேலோட்டமாக வைத்தால், வருவதையெல்லாம் வாங்குவதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

மதிப்பை அளப்பது யார்?

'இதழின் தொழில்முறை மதிப்பு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதை அளப்பவர்கள் பல பேர், ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தைப் பார்க்கிறார்கள்.

மாதாமாதம் வாங்கும் வாசகர் கட்டுரைகளைப் படித்தவர். இதழின் தரம் அவருக்குத் தெரியும். கேம் விளம்பரம் அவருக்குப் புரட்டிவிட்டுப் போகும் ஒரு பக்கம், அவ்வளவுதான். 1980களில் பலர் கட்டுரைக்கு நிகராக விளம்பரங்களையும் படித்தார்கள். புதிதாக என்ன வந்திருக்கிறது, என்ன விலை என்று தெரிந்துகொள்ள அப்போது வேறு வழி அதிகம் இல்லை.

இரண்டாவது ஆள் இதழைப் படிக்காதவர். பக்கத்து மேசைக்காரர், மேலதிகாரி, நூலகத்துக்கு எந்த இதழை வாங்கலாம் என்று முடிவு செய்பவர், பிள்ளை எதைப் படிக்கிறான் என்று எட்டிப் பார்க்கும் பெற்றோர். இவர்கள் கண்ணில் படுவது அட்டை, பின்னட்டை, அப்புறம் தற்செயலாக விரியும் ஒரு பக்கம். 'விளையாட்டுப் பத்திரிகை' என்ற எண்ணம் உண்டாவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, மற்ற விளம்பரதாரர்கள். கணக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம் கேம் விளம்பரத்தைப் பார்த்ததும், அதன் அழகைப் பற்றிக் கவலைப்படாது. இந்த இதழைப் படிப்பவர்கள் நம் பொருளை வாங்கக்கூடியவர்கள்தானா என்றுதான் யோசிக்கும். நான்காவது, இதழுக்கு எழுதும் பொறியாளர்கள். தம் கட்டுரையை எவ்வளவு கவனமாகத் திருத்தி வெளியிடுகிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

ஆகவே ஒரே விளம்பரம் பின்னட்டையில் வந்தால் ஒரு விளைவு, 140-ஆம் பக்கத்தில் வந்தால் வேறு விளைவு. 'வாங்கலாமா கூடாதா' என்று மட்டும் விவாதிப்பவர்கள் இந்த இடவேறுபாட்டைக் கோட்டைவிட்டுவிடுகிறார்கள். 1975-ல் தொடங்கிய அமெரிக்கக் கணினி இதழான பைட்டைப் பாருங்கள். அதன் அட்டைகளில் பல ஆண்டுகள் ராபர்ட் டின்னியின் ஓவியங்கள் வந்தன. எந்த நிறுவனத்தின் பெட்டியும் அந்த இதழின் முகமாக இல்லை, ஆசிரியர் குழு தேர்ந்த ஒரு கருத்துதான் முகம். உள்ளே விளம்பரங்கள் குவிந்து கிடந்தும், பார்த்தவுடன் மரியாதை தோன்றியதற்கு அந்த அட்டைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

முழுவதும் மறுப்பது

இந்த வழிக்கு வலுவான வாதம் பணத்திலிருந்தே வருகிறது. 1982-ல் தொடங்கிய பிசி மேகசின் ஐபிஎம் பிசியை வாங்கும் அலுவலக வாசகரைக் குறிவைத்தது. விளம்பரம் பெருகி இதழ் செங்கல் போலத் தடித்து, 1984-ல் மாதம் இருமுறை வரத் தொடங்கியது. அதே காலத்தில், வீட்டுக் கணினி வாசகரை நம்பியிருந்த இதழ்கள் தள்ளாடின. ஆப்பிள் 2 கணினிக்கான சாஃப்டாக் 1984-ல் நின்றது. டேவிட் ஆல் 1974-ல் தொடங்கிய கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங், கேம்களையும் கற்பித்தலையும் அன்போடு பேசிய இதழ், 1985-ல் மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் அதை வைத்திருந்த ஜிஃப்-டேவிஸ் நிறுவனம்தான் பிசி மேகசினையும் வைத்திருந்தது. அலுவலக வாசகர் பக்கம் போனால் பணம் வரும் என்று அன்றைக்கு ஒருவர் வாதாடியிருந்தால் மறுப்பது கடினம்.

ஆனால் அந்தப் பிசி மேகசினே கேமை ஒதுக்கவில்லை. வேலை நேரத்துக்குப் பின் என்ற பொருளில் பெயர் வைத்த பகுதியில் கேம்களைப் பற்றி எழுதியது. பைட் இதழில் ஜெரி பூர்னெல் தன் பத்தியில் மாதாமாதம் ஒரு கேமைத் தேர்ந்தெடுத்துச் சொல்வார். 1980 டிசம்பர் பைட் இதழின் மையப் பொருளே அட்வென்ச்சர் கேம்கள்தான். ஸோர்க் கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் லெப்லிங், அது எப்படி இயங்குகிறது என்று அதில் கட்டுரை எழுதினார். ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால் கணினி அதை எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்கிறது என்பது எந்த அளவுகோலிலும் கனமான விஷயம்தான்.

கணினியின் வரலாற்றிலும் கேமைத் தனியே வெட்டி எடுக்க முடியாது. 1981-ல் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது அதற்குக் கிடைத்த முதல் மென்பொருள்களில் மைக்ரோசாஃப்ட் அட்வென்ச்சரும் ஒன்று. அப்புறம் மற்ற நிறுவனங்கள் அதைப் போலவே செய்து விற்ற கணினிகள் உண்மையிலேயே ஐபிஎம் பிசிக்கு ஈடாக இயங்குகின்றனவா என்று சோதிக்க, லோட்டஸ் 1-2-3 என்ற ஸ்ப்ரெட்ஷீட்டையும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற விமானம் ஓட்டும் கேமையும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஃப்ளைட் சிமுலேட்டர் வன்பொருளின் மூலைமுடுக்கெல்லாம் நேராகத் தொட்டதால், சின்ன வித்தியாசம் இருந்தாலும் தடுக்கி விழும். அலுவலகத்துக்கு எந்தக் கணினியை வாங்கலாம் என்று சொல்லும் கட்டுரைக்கே ஒரு கேம் தேவைப்பட்டது.

மதிப்புக்காகக் கேமை உதறிய நிறுவனங்களின் கதையும் இங்கே உதவும். பெர்சனல் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் விசிகால்க் ஸ்ப்ரெட்ஷீட்டையும் விற்றது, ஸோர்க்கையும் விற்றது. பிறகு அலுவலக மென்பொருளில் முழுக்கவனம் செலுத்த கேமைக் கைவிட்டு, விசிகார்ப் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே லோட்டஸ் 1-2-3 அதன் சந்தையைப் பிடித்தது. விசிகால்க்கை எழுதியவர்களோடு வழக்கும் சேர்ந்துகொள்ள, நிறுவனம் வீழ்ந்தது. ஸோர்க்கின் சொந்தக்காரர்களான இன்ஃபோகாம் எதிர்த்திசையில் போனார்கள். கேம் நிறுவனம் என்ற பெயர் மட்டும் போதாதென்று, கார்னர்ஸ்டோன் என்ற டேட்டாபேஸை 1985-ல் கொண்டுவந்தார்கள். அது விற்கவில்லை. கடனில் சிக்கிய இன்ஃபோகாமை 1986-ல் ஆக்டிவிஷன் வாங்கியது. கேமை விட்டதால் விசிகார்ப் வீழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விட்டது அதைக் காப்பாற்றவும் இல்லை.

முழு மறுப்பில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் தீர்மானமான காரணம். எல்லைக் கோட்டை எங்கே போடுவது? 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ சிப் வந்த பிறகு கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதற்கே முதல் காரணம் கேம் என்றாயிற்று. கார்டு விளம்பரத்தில் அரக்கன், மானிட்டர் விளம்பரத்தில் பந்தயக் கார், மவுஸ் விளம்பரத்தில் துப்பாக்கி. கேம் விளம்பரம் வேண்டாம் என்றால் இவற்றையும் விட வேண்டும், அப்படியானால் வன்பொருள் விளம்பரத்தில் பெரும்பகுதி போய்விடும். இவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு கேம் நிறுவனத்தைத் திருப்பி அனுப்பினால், அதே படம் அதே இதழில் வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கும். அதற்கு என்ன பொருள்?

மருத்துவமனைக் கணினி அமைப்புகள், வங்கி மென்பொருள் என்று ஒரே துறைக்கு வரும் இதழுக்கு இந்த மறுப்பு பொருத்தமானது. அங்கே கேம் நிறுவனங்கள் வந்து கதவைத் தட்டுவதும் இல்லை.

வருவதையெல்லாம் வாங்குவது

இந்த வழியின் ஆபத்து ஆண்டு வாரியாகக் கண்முன்னால் இருக்கிறது. 1981-ல் சாஃப்ட்போர்ன் அட்வென்ச்சர் என்ற கேமுக்காக, வெந்நீர்த் தொட்டியில் ஆடையில்லாமல் அமர்ந்திருக்கும் மூன்று பெண்களின் படத்தோடு ஆன்-லைன் சிஸ்டம்ஸ் நிறுவனம் விளம்பரம் கொடுத்தது. சாஃப்டாக் அதை வெளியிட்டது. ஆப்பிள் கணினியில் கணக்கு வழக்கு பார்ப்பவர்களும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர்களும் படித்த இதழ் அது. 1987-ல் பேலஸ் சாஃப்ட்வேர் தன் பார்பேரியன் கேமுக்கு ஒரு மாடலை அரைகுறை உடையில் நிறுத்திக் கொடுத்த விளம்பரம் பிரிட்டனில் கண்டனங்களை எழுப்பியது, அந்தப் பரபரப்பே விற்பனைக்கும் உதவியது. 1997-ல் டைகட்டானா கேமுக்கு அயன் ஸ்டார்ம் கொடுத்த விளம்பரத்தில் படமே கிடையாது. அந்தக் கேமை உருவாக்கிய ஜான் ரொமேரோ வாசகரை என்ன செய்யப்போகிறார் என்று ஒரு கெட்ட வார்த்தையோடு மிரட்டும் வரி மட்டும்தான். பின்னாளில் ரொமேரோவே அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

இவற்றில் பொதுவாக ஒன்று இருக்கிறது: கேமைவிட அதிர்ச்சியைத்தான் முன்னால் நிறுத்தின. ஆடினால் எப்படி இருக்கும் என்பது பின்னால் போய்விட்டது. தகவல் தருவதற்காகவே வரும் இதழில் தகவலை மூழ்கடிக்கும் கூச்சல் ஒரு முழுப் பக்கத்தைப் பிடிக்கிறது. பெண் வாசகர்களை அது 'உங்களுக்கான இடமில்லை இது' என்று வெளியே அனுப்புகிறது. போனவர்கள் கடிதம் எழுதிவிட்டுப் போவதில்லை. அந்த இழப்பு விளம்பரப் பிரிவின் கணக்கில் ஒருபோதும் வராது, அதனாலேயே இந்த வழி லாபமாகத் தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு, அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 1983-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இரண்டு பக்க விளம்பரம் ஒன்று கொடுத்தது. கணினியால் ஒருவரை அழவைக்க முடியுமா என்று அதில் கேட்டிருந்தார்கள். கேமை உருவாக்கியவர்களை இசைக் கலைஞர்களைப் போல நிறுத்தி, நார்மன் சீஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வாளும் இல்லை, அரக்கனும் இல்லை. எந்தக் கணினி இதழில் வைத்தாலும் அந்தப் பக்கம் இதழின் மதிப்பை ஒரு படி கூட்டியிருக்கும். கேம் விளம்பரம் என்றாலே தரம் இறங்கும் என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

எல்லாவற்றையும் வாங்கும் இதழுக்கு இன்னொரு விதியும் காத்திருக்கிறது. விளம்பரம் எந்தப் பக்கமோ, கட்டுரையும் மெல்ல அந்தப் பக்கம் நகரும். பிரிட்டனில் 1982-ல் தொடங்கிய சின்க்ளேர் யூசர் ஆரம்பத்தில் கணினியைக் கற்றுக்கொள்பவருக்கான இதழ், சில ஆண்டுகளில் முழுக்க கேம் இதழானது. கமோடோர் யூசரும் அப்படியே. வாசகர் ரசனை மாறியதும் இதற்குக் காரணம்தான், அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிரியர் குழு உட்கார்ந்து பேசி முடிவெடுத்து மாறுவது வேறு, வந்த விளம்பரத்துக்கு ஏற்பப் பக்கம் பக்கமாக மாறிப்போவது வேறு.

பணம் வரும் நேரம்

அருவருப்பான படங்களைவிட என்னை அதிகம் கவலைப்படவைப்பது இந்தப் பகுதி. மதிப்பு நிஜமாகவே உடைவது இங்கேதான்.

கேம் வணிகத்தின் இயல்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் மென்பொருள் பல ஆண்டுகள் விற்கும். அதன் விமர்சனம் இரண்டு மாதம் தள்ளி வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கேமின் விற்பனையில் பெரும்பகுதி வெளியான முதல் சில வாரங்களில் முடிந்துவிடும். அதிலும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் கூட்டம். அதனால் விளம்பரம், விமர்சனம், கடையில் சரக்கு மூன்றும் ஒரே சமயத்தில் வர வேண்டும் என்று நிறுவனம் துடிக்கும். மாத இதழோ அச்சுக்குப் பல வாரங்கள் முன்பே முடிக்கப்பட வேண்டும். அப்படியானால் விமர்சகர் கையில் கிடைப்பது பெரும்பாலும் முழுமையடையாத பிரதி. அதைக் கொடுப்பதா, யாருக்கு முதலில் கொடுப்பது என்று தீர்மானிப்பது நிறுவனம். அதே நிறுவனம்தான் அதே மாதம் நான்கு பக்க விளம்பரத்தையும் பதிவு செய்கிறது.

யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. "விமர்சனம் எந்த இதழில் வருகிறது?" என்று விளம்பரப் பிரிவுக்கு ஒரு போன் வந்தால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். மதிப்பெண்கள் மெல்ல மேலே ஏறும். நூறுக்கு ஐம்பது என்றால் சுமார் என்ற பொருள் போய், எழுபதே சுமார் என்றாகிவிடும். அமிகா கணினிக்கான அமிகா பவர் என்ற பிரிட்டிஷ் இதழ் இதை எதிர்த்து, 50 சதவீதம் என்றால் சராசரிதான் என்று பிடிவாதமாக நின்றது. அதனால் நிறுவனங்களின் கோபத்தையும் சம்பாதித்தது. வாசகர்கள் இன்றும் அதை மரியாதையோடு நினைவில் வைத்திருக்கிறார்கள், அது முழுக்க முழுக்கக் கேம் இதழ் என்றபோதும்.

2004-ல் டிரைவர் வரிசையின் மூன்றாவது கேமுக்கு, பலர் குறையாக மதிப்பிட்ட நிலையில், பிரிட்டனின் இரண்டு இதழ்கள் 10-க்கு 9 கொடுத்தன. வாசகர்கள் கொதித்துப்போய், என்ன பேரம் நடந்தது என்று கேட்டார்கள். பேரம் நடந்ததோ இல்லையோ, அந்தக் கேள்வி எழுந்ததுமே நம்பிக்கை போய்விட்டது. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன், கேன் அண்ட் லிஞ்ச் என்ற கேமுக்கு 10-க்கு 6 கொடுத்தார். அதே தளத்தின் முகப்பு முழுக்க அந்தக் கேமின் விளம்பரம் போர்த்தியிருந்தது. அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2012-ல் பேசும் உரிமை கிடைத்தபோது, விளம்பரத்தை விலக்கிக்கொள்வோம் என்ற நெருக்கடி நிர்வாகத்துக்கு வந்ததை அவர் வெளிப்படையாகச் சொன்னார். இடையில் அந்தத் தளத்தைவிட்டு வேறு பலரும் வெளியேறியிருந்தார்கள். கேம் விளம்பரம் முகப்பில் வந்ததற்காக யாரும் அந்தத் தளத்தைக் கைவிடவில்லை. ஒரு விமர்சகரின் வேலையைவிட விளம்பரம் பெரிதாகிவிட்டது என்று தெரிந்தபோதுதான் வெறுத்தார்கள்.

பிரித்துவிடுவது

கேமுக்குத் தனி இதழ், வேலைக்குத் தனி இதழ். காகிதத்தில் பார்த்தால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுகிறது. வாசகருக்கு வேண்டியது மட்டும் கிடைக்கும், விளம்பரதாரருக்கும் தன் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று தெளிவாகத் தெரியும்.

இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் ஃபியூச்சர் நிறுவனம் அமிகா ஃபார்மேட் என்ற பொது இதழை 1989 முதல் நடத்தியது. கேம், ஓவிய மென்பொருள், புரோகிராமிங், வன்பொருள் எல்லாம் அதில் ஒன்றாக வரும். 1991-ல் கேமுக்கு அமிகா பவரையும், கேமே இல்லாமல் தீவிரப் பயனருக்கு அமிகா ஷாப்பரையும் தொடங்கியது. பிரிவினைக்கு இதைவிடச் சுத்தமான சோதனை கிடைக்காது. நடந்தது என்ன? அமிகா பவரும் அமிகா ஷாப்பரும் 1996-ல் நின்றுபோயின. எல்லாவற்றையும் கலந்து கொடுத்த அமிகா ஃபார்மேட் 2000 மே வரை வந்தது. அமிகாவைத் தயாரித்த கமோடோர் 1994-லேயே திவாலாகி, சந்தையே சுருங்கிக்கொண்டிருந்த காலம் அது. சுருங்கும் சந்தையில் பிரிந்து நின்ற இதழ்களுக்கு முதலில் மூச்சு வாங்கியது.

அமிகாவுக்கே 'விளையாட்டுக் கணினி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1990-ல் வந்த வீடியோ டோஸ்டர் என்ற வீடியோ தயாரிப்புச் சாதனம் அமிகாவைத் தொலைக்காட்சி நிலையங்களுக்குள் கொண்டுபோனது. பாபிலோன் 5 தொடரின் ஆரம்பக் கால விண்வெளிக் காட்சிகள் அதில் உருவானவை. அப்படியும் அந்தப் பெயர் போகவில்லை. இதழ்களின் கேம் விளம்பரங்களை நிறுத்தியிருந்தால் அது மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்தக் கணினியைக் கொண்டு செய்த பெரிய வேலைகளை வெளியே இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் குறைவாக இருந்ததுதான் காரணமாக எனக்குப் படுகிறது.

பிரிப்பது யாருக்கு ஏற்றது? பெரிய விற்பனை, இரண்டு ஆசிரியர் குழுவுக்குச் சம்பளம், வளரும் சந்தை மூன்றும் இருப்பவருக்கு. சின்ன இதழ் பிரித்தால் இரண்டு பலவீனமான இதழ்கள்தான் மிஞ்சும். நடுவழியாக, கேமுக்கு ஓர் இணைப்பு கொடுத்து அதில் மட்டும் அந்த விளம்பரங்களைப் போடலாம். அலுவலகத்துக்கு எடுத்துப்போகிறவர் இணைப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். ஆண்டின் கடைசி மாதங்களில் மட்டும் அப்படிச் செய்வது, விளம்பரம் குவியும் பருவத்துக்கும் பொருந்தும்.

விளம்பரமே இல்லாமல் நடத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936-லிருந்து வெளி விளம்பரம் வாங்காமல் நிற்கிறது, அதன் சோதனை முடிவுகளுக்கு இருக்கும் மரியாதை அதனால் வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் பெரும் உறுப்பினர் கூட்டமும் லாப நோக்கமற்ற அமைப்பும் இருக்கின்றன. புதிதாகத் தொடங்கும் கணினி இதழுக்கு அந்த விலையைக் கொடுக்கும் வாசகர்கள் இருந்தால் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நிபந்தனையோடு ஏற்பது

சரி, எப்படிப்பட்ட நிபந்தனைகள்? முதலாவது, இடம். அட்டையும் பின்னட்டையும் படிக்காதவர் கண்ணில் படும் பக்கங்கள் என்று மேலே பார்த்தோம். அட்டை முழுக்க ஆசிரியர் குழுவுக்குச் சொந்தம், எந்த விலைக்கும் விற்கக் கூடாது. பின்னட்டைக்குப் படம் பற்றிய கடுமையான விதி வேண்டும். ஒரு கேமின் விமர்சனம் இருக்கும் இதழில் அதே கேமின் விளம்பரம் வந்தாலும், எதிரெதிர்ப் பக்கத்தில் வரவே கூடாது. விரித்துப் பார்க்கும் வாசகர் இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார்.

படத்தைப் பொறுத்தவரை, இதழின் மற்ற எல்லா விளம்பரங்களுக்கும் எந்த அளவுகோலோ அதேதான் கேமுக்கும். ஒரு நெட்வொர்க் கார்டு விளம்பரத்தில் ஏற்காத படத்தைக் கேம் என்பதற்காக ஏற்க வேண்டியதில்லை. கணினி வகை, தேவையான மெமரி, வயது வரம்பு போன்ற தகவல்கள் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கூச்சல் போடும் விளம்பரங்களை இந்த ஒரு விதியே கொஞ்சம் நிதானப்படுத்தும். கட்டுரை போலவே வடிவமைத்துக் கொடுக்கும் பக்கங்களுக்கு எழுத்துரு வேறாக இருக்க வேண்டும், 'விளம்பரம்' என்ற சொல் மேலே பெரிதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பங்கு. மொத்த விளம்பர வருமானத்தில் ஒரே நிறுவனம் எவ்வளவு தரலாம் என்று ஓர் உச்சவரம்பு வேண்டும். எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு இதழும் தன் கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: இந்த நிறுவனம் நாளைக்கே எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டால் அடுத்த இதழ் வருமா? வராது என்றால் பங்கு ஏற்கனவே அதிகமாகிவிட்டது.

நான்காவதுதான் மிக முக்கியம். விமர்சகருக்கு விளம்பரப் பதிவுகள் தெரியக் கூடாது. விமர்சனம் எந்த இதழில் வரும், எத்தனை மதிப்பெண் என்று விளம்பரப் பிரிவுக்கு அச்சாகும் வரை தெரியக் கூடாது. முழுமையடையாத பிரதியை வைத்து மதிப்பெண் போடக் கூடாது. அப்படிப்பட்ட பிரதியை முன்னோட்டமாக மட்டும் எழுதலாம், அது முழுமையடையாத பிரதி என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். இதனால் விமர்சனம் ஒரு மாதம் பிந்தும், போட்டி இதழில் முதலில் வந்துவிடும். இந்த வழியில் கொடுக்க வேண்டிய உண்மையான விலை இதுதான். கொடுக்கத் தகுந்த விலை என்பது என் முடிவு. முதலில் வந்த விமர்சனம் எது என்பது ஒரு மாதத்தில் மறந்துபோகும், நம்பிக்கையான விமர்சனம் எந்த இதழில் வரும் என்பது பல ஆண்டுகள் நினைவிருக்கும்.

நிபந்தனைகளால் சில விளம்பரங்கள் திரும்பிப் போகும். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். வாசகர் மனநிலையைத் தெரிந்துகொள்ள, கேம் விளம்பரம் பிடிக்குமா என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை, பிடிக்காது என்றுதான் பலரும் சொல்வார்கள். சந்தாவை நிறுத்தியவர்களிடம் ஏன் என்று கேளுங்கள். இந்த இதழை வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துப்போகிறீர்களா என்று கேளுங்கள். அந்தப் பதில்களை வைத்துப் பின்னட்டை விதியைக் கூட்டலாம், குறைக்கலாம்.

எல்லா நிபந்தனைகளையும் ஒரே நாளில் கொண்டுவர முடியாத இதழ், நான்காவதிலிருந்து தொடங்கட்டும். விளம்பரத்தை நிராகரிக்கவும் கட்டுரையைக் காக்கவும் இறுதி அதிகாரம் ஆசிரியருக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும், முதல் பெரிய ஒப்பந்தம் வருவதற்கு முன்பே. இது கேமுக்கு மட்டுமான பாதுகாப்பும் இல்லை. 2007 மே மாதம் பிசி வேர்ல்ட் இதழில், ஆப்பிளைப் பற்றிப் பிடிக்காத பத்து விஷயங்கள் என்ற கட்டுரையைத் தலைமை நிர்வாகி கோலின் கிராஃபோர்ட் நிறுத்திவைத்தார். ஆசிரியர் ஹாரி மெக்ராக்கன் பதவி விலகினார். விஷயம் வெளியே தெரிந்து வாசகர்களும் மற்ற இதழாளர்களும் ஆசிரியர் பக்கம் நின்றார்கள். சில நாட்களிலேயே மெக்ராக்கன் பதவிக்குத் திரும்பினார், கிராஃபோர்ட் வேறு பொறுப்புக்கு மாற்றப்பட்டார், கட்டுரையும் வெளிவந்தது.